கரையில் நிறுத்தப்பட்ட உடல்கள்

மார்ச் பிறந்ததும் ஜிம்களின் கோடைச் சலுகைத் தட்டிகள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. நாற்பத்தைந்து நாளில் பத்துக் கிலோ குறையும், இடுப்பளவில் இரண்டு அங்குலம் போய்விடும் என்ற வாக்குறுதிகள் கைபேசித் திரையிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் அவை பெண்களைப் பார்த்தே பேசுகின்றன. விடுமுறை வருகிறது, கல்யாணங்கள் வருகின்றன, அதற்குள் உடம்பைச் சரிசெய்துகொள் என்பதுதான் அவற்றின் சாரம்.

இந்த எண்ணம் இங்கே பிறந்ததில்லை. குளிர் நீண்டு, வெயில் சில மாதங்களே முகம் காட்டும் நாடுகளில் கோடை என்றால் கடற்கரை, கடற்கரை என்றால் நீச்சலுடை. கோடைக்கு ஒரு தனி உடல் வேண்டும் என்ற கட்டளை அந்தக் கரைகளில்தான் உருவானது. அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பெண்கள் கடலுக்குப் போராடிப் போனது நீந்துவதற்காக. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, அதே இடம் அவர்களுடைய உடலுக்கு மதிப்பெண் போடும் கூடமாக மாற்றப்பட்டது. உடல் மீதான நம்பிக்கை, அந்த உடல் எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறதோ அதிலிருந்தே வளர்கிறது என்பதற்கு வரலாறு, உளவியல், உடலியங்கியல் மூன்றிலும் சான்றுகள் உள்ளன. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டுக்கு இது அழகைப் பற்றிய விவாதத்தோடு நின்றுவிடுவதில்லை. உயிரைப் பற்றிய விவாதமாகவும் இருக்கிறது.

ஈயம் தைத்த உடை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண் கடலில் இறங்குவது பெரிய ஏற்பாடு. சக்கரம் வைத்த மர அறை ஒன்று கரையில் நிற்கும். அவள் அதில் ஏறி உடை மாற்றிக்கொள்வாள். குதிரை அந்த அறையை நீருக்குள் இழுத்துச் செல்லும். கடலைப் பார்த்த கதவு வழியாகப் படியிறங்கி, கொஞ்ச நேரம் நனைந்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். உடம்பில் கம்பளித் துணியில் தைத்த நீண்ட அங்கி. தண்ணீரில் அது மேலே மிதந்து கால் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று விளிம்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைக்கும் வழக்கமும் இருந்தது. நனைந்த கம்பளியின் கனம், அதற்கு மேல் ஈயத்தின் கனம். அந்த உடையில் குளிக்கலாம், நீந்த வழியில்லை.

இதன் விலை என்ன என்பது 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கில் தெரிந்தது. ஜெர்மானியக் குடியேறிகளின் தேவாலயம் ஒன்று கோடைச் சுற்றுலாவுக்கு வாடகைக்கு எடுத்திருந்த 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பல், ஈஸ்ட் ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை நாள் என்பதால் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். உயிர்காப்பு மிதவைகள் உளுத்துப்போயிருந்தன. கரை எட்டும் தூரத்தில் இருந்தும், நீச்சல் தெரியாத பெண்கள் கனத்த உடைகளோடு மூழ்கினார்கள். பெண்களுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்ற குரல் அந்நகரில் வலுப்பெற இந்தத் துயரம் ஒரு காரணம். 1917இல் சார்லட் எப்ஸ்டீன் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் நியூயார்க் பெண்கள் நீச்சல் சங்கத்தை நிறுவினார்.

அதற்குள் ஆஸ்திரேலியாவில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. 1886இல் சிட்னியில் பிறந்த அனெட் கெல்லர்மேன், சிறுவயதில் கால்கள் பலமின்றி இரும்புக் கட்டுகள் அணிந்து நடந்தவர். கால் வலுப்பெறத்தான் நீச்சலுக்கு அனுப்பப்பட்டார். பதின்பருவம் முடிவதற்குள் தேர்ந்த நீச்சல்காரராகிவிட்டார். 1905இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று, கரை சேர முடியாமல் திரும்பினார். ஆண்கள் அணிந்த ஒற்றை நீச்சலுடையையே அவரும் அணிந்தார். கால்களை மறைக்க வேண்டிய இடங்களில் அதோடு காலுறைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டார். 1907இல் பாஸ்டன் அருகே அந்த உடைக்காகக் கைதானதாக அவரே பிற்காலத்தில் சொன்னது உலகெங்கும் பரவிய கதை. அதற்கு அக்கால ஆவணச் சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். கைது நடந்ததோ இல்லையோ, அவர் முன்வைத்த வாதம் உறுதியானது: நீந்த வேண்டுமென்றால் நீந்தக்கூடிய உடை வேண்டும்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி நடந்தது. 100 மீட்டரில் தங்கம் வென்ற ஃபேனி டுராக்கும் வெள்ளி வென்ற மினா வைலியும் ஆஸ்திரேலியர்கள். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்தக் கூடாது என்று நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கம் விதி வைத்திருந்தது. அதன் தலைவரும் பெண் வாக்குரிமைப் போராளியுமான ரோஸ் ஸ்காட் அந்த விதியின் பக்கமே நின்றார். பொதுமக்களின் ஆதரவும் நிதியும் திரண்ட பிறகே டுராக்கால் கப்பலேற முடிந்தது.

இந்த வரிசையின் உச்சம் 1926 ஆகஸ்ட் 6. எப்ஸ்டீனின் சங்கத்தில் பயின்ற கெர்ட்ரூட் எடர்லி என்ற இருபது வயதுப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவருக்கு முன் கடந்திருந்தவர்கள் ஐந்து ஆண்கள் மட்டுமே. அவர்களில் மிக வேகமானவரை விடவும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாக, பதினான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டார் எடர்லி. வழக்கமான நீச்சலுடை நீண்ட நேர நீச்சலில் தோலை அறுத்ததால், அவரும் அக்காவும் சேர்ந்து இரண்டு துண்டு உடை ஒன்றைத் தைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் கொழுப்பும் எண்ணெயும் பூசியிருந்தார். நீர் புகாதபடி நீச்சல் கண்ணாடியின் விளிம்புகளை மெழுகால் அடைத்திருந்தார். உடையின் ஒவ்வொரு அங்குலமும் ஒரு வேலைக்காக இருந்தது. யார் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அந்த உடையில் எங்கும் இல்லை.

நீரிலிருந்து மேடைக்கு

வென்ற இடம் பறிபோன விதத்தையும் பார்க்க வேண்டும். கெல்லர்மேன் புகழின் உச்சியில் இருந்தபோது, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் டட்லி சார்ஜென்ட் அவருடைய உடலை அங்கம் அங்கமாக அளந்தார். ஆயிரக்கணக்கான பெண்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, பழைய கிரேக்கச் சிலைக்கு மிக நெருங்கிய குறையற்ற பெண் இவரே என்று அறிவித்தார். கால்வாயில் மணிக்கணக்கில் நீந்திய பெண்ணைப் பற்றி உலகம் அதிகம் பேசியது அவருடைய மார்பளவையும் இடுப்பளவையும்தான். அவரே அழகுக் குறிப்புப் புத்தகமும் எழுதினார். உடலை விடுவித்த கையே அளவுகோலையும் ஏந்த நேர்ந்தது.

1921இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் தொடங்கிய அழகிப் போட்டி, பின்னாளில் 'மிஸ் அமெரிக்கா' ஆனது. கோடைப் பருவம் முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகளைக் கரையில் தங்க வைக்க வணிகர்கள் கண்ட வழி அது. நீச்சலுடை அணிந்த பெண்கள் அங்கே நீந்தவில்லை, நடந்து காட்டினார்கள். அதே காலத்தில் நகர நிர்வாகங்கள் உடையின் நீளத்துக்கு விதி போட்டன. 1922இல் வாஷிங்டனில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், நீச்சலுடை முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று ஒரு காவலர் மண்டியிட்டு நாடாவால் அளக்கிறார். மேடையில் ஒரு நாடா, கரையில் ஒரு நாடா. ஒன்று அழகை அளந்தது, மற்றது ஒழுக்கத்தை அளந்தது. இரண்டுக்கும் பெண்ணின் வேகமோ மூச்சோ தேவைப்படவில்லை.

1961இல் 'ஸ்லெண்டரெல்லா' என்ற அமெரிக்க எடைக்குறைப்பு நிலையங்கள், கோடையின் மகிழ்ச்சி மெலிந்த இடையும் இறுகிய உடலும் கொண்டவர்களுக்கே என்ற பொருளில் விளம்பரம் செய்தன. கோடைக்கென ஒரு தனி உடல் விற்பனைக்கு வந்த தொடக்க காலச் சான்றாக ஆய்வாளர்கள் இதைக் காட்டுகிறார்கள். 2015இல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு புரதப் பொடி நிறுவனம் மஞ்சள் சுவரொட்டிகளை ஒட்டியது. பிகினி அணிந்த மெல்லிய பெண்ணின் படத்தோடு, கடற்கரைக்கு உங்கள் உடல் தயாரா என்று அது கேட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஹைட் பூங்காவில் பெண்கள் கூடினார்கள். படம் சமூகப் பொறுப்பற்றதாக இல்லை என்ற பிரிட்டன் விளம்பர ஒழுங்குமுறை ஆணையம், எடைக்குறைப்பு பற்றிய கூற்றுகளுக்காக அந்த வடிவில் விளம்பரம் மீண்டும் வரக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு மேயர் சாதிக் கான், உடலைப் பற்றி ஆரோக்கியமற்ற அழுத்தம் தரும் விளம்பரங்களுக்கு லண்டன் பொதுப் போக்குவரத்தில் தடை அறிவித்தார்.

கண்ணாடிக்கு முன் ஒரு சோதனை

ஒரு சுவரொட்டி என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 1997இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தன்னை எப்போதும் யாரோ பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்ற சூழலில் வளரும் பெண், நாளடைவில் அந்தப் பார்வையைத் தனக்குள் குடியேற்றிக்கொள்கிறாள். தன் உடலுக்குள் இருந்து வாழ்வதற்குப் பதிலாக, வெளியே நின்று அதைக் கண்காணிக்கத் தொடங்குகிறாள்.

அடுத்த ஆண்டு அவர்கள் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்ட சோதனை, இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. கல்லூரி மாணவர்கள் ஒருவர் ஒருவராக, முழு உயரக் கண்ணாடி இருந்த உடை மாற்றும் அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்குக் கம்பளிச் சட்டை. பார்க்க ஒருவரும் இல்லை. அந்த உடையில் இருந்தபடியே சில கணக்குகளைப் போட வேண்டும். பிறகு தின்பண்டத்தைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள் கணக்கில் சறுக்கினார்கள். தம் உடலைப் பற்றிய வெட்கம் அவர்களிடம் கூடியிருந்தது. வெட்கம் கூடியவர்கள் தின்பதில் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். ஆண்களின் கணக்கில் பாதிப்பு இல்லை. ஆனால் 2004இல் வேறொரு குழு, ஆண்களுக்கும் உடலோடு ஒட்டிய சிறிய நீச்சலுடையைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களும் சறுக்கினார்கள். ஆகவே இது பெண் மனத்தின் பிறவிக் குணம் அன்று. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு மனித மனத்தின் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறது. பெண்களுக்கு அந்த உணர்வு அன்றாடம், ஆண்களுக்கு எப்போதாவது.

பிம்பங்களின் வலிமைக்கு ஃபிஜித் தீவு சாட்சி. பருத்த உடல் வளத்தின் அடையாளமாக மதிக்கப்பட்ட அத்தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளை ஆய்ந்தார். எடையைக் குறைக்கத் தாமே வாந்தி எடுப்பதாக 1995இல் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில் அப்படிச் சொன்னவர்கள் 11.3 விழுக்காடு. அது தொலைக்காட்சி மட்டும் இருந்த காலம். இன்று ஒரு பதின்பருவப் பெண்ணின் கையில் அந்தத் திரை நாள் முழுக்க இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். உடற்பயிற்சி நல்லதுதானே, அழகுக்காகச் செய்தால் என்ன? ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிகா டிகெமன் சகாக்களோடு செய்த ஆய்வுகள் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கின்றன. தோற்றத்துக்காகவும் எடைக்காகவும் பயிற்சி செய்த இளம்பெண்களிடம் உடல் மீதான திருப்தி குறைவாகவே காணப்பட்டது. உடல்நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் செய்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஒரே ஓட்டம், ஒரே வியர்வை. எதற்காக ஓடுகிறோம் என்பது மாறும்போது உடலோடு நமக்குள்ள உறவும் மாறுகிறது. எடையில் பெரிய மாற்றம் வராமலேயே, பயிற்சி செய்பவர்களின் உடல் பற்றிய எண்ணம் மேம்படுவதையும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. தன்னால் முடிகிறது என்ற உணர்வுதான் அங்கே வேலை செய்கிறது.

ஆறு வாரக் கணக்கு

கோடைக்குள் குறைப்போம் என்ற திட்டங்களின் உடலியங்கியலையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சில நூறு கிராம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு, சப்பாத்தியைத் திடீரென்று நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரைந்து, அதோடு சேர்ந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவி காட்டும் ஒன்றரை, இரண்டு கிலோ இழப்பில் பெரும்பகுதி இந்த நீர்தான். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பி வருகிறது. அப்போது தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறாள் ஒரு பெண். தோற்றது அவள் அல்ல. தவறான அளவுகோல் அவளிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பட்டினியை நீட்டித்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. உடல் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு நெடுநாள் கிடைக்காதபோது மூளை இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகும், சில சமயம் நின்றுபோகும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் குறைபாட்டை விளையாட்டு வீரர்களுக்கு வரும் தனிச் சிக்கலாக வரையறுத்தது. எலும்பின் உச்ச வலிமை முப்பது வயதை ஒட்டி உருவாகிவிடுகிறது. இருபது வயதில் கோடைக்காகக் கிடந்த பட்டினி, ஐம்பது வயதில் மாதவிடாய் முடிந்தபின் எலும்பு தேயும் காலத்தில் கணக்குக் கேட்கும்.

எடை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதன் பின்னால் வருகின்றன. ஆனால் அதே ஆய்வு, 53.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. பாதிப் பேருக்கு இரத்தம் போதாத ஓர் ஊரில் பட்டினியை உடல்நலம் என்று விற்பது ஆபத்தான செயல். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் கேட்பது வேறு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதில் இடுப்பளவுக்குக் காலக்கெடு எதுவும் இல்லை.

நம் கரை

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது தமிழ்நாட்டுக் கரையில் யார் அதிகம் இறந்தார்கள்? ஆக்ஸ்ஃபாம் அமைப்பு மூன்று மாதம் கழித்து வெளியிட்ட அறிக்கை கடலூர் மாவட்டத்தின் கணக்கைத் தந்தது: பெண்கள் 391, ஆண்கள் 146. ஏறக்குறைய மூன்று மடங்கு. நாகப்பட்டினத்திலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். காரணங்கள் பல. ஆண்கள் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை உயரவில்லை. பெண்கள் மீன் வாங்கவும் பிரிக்கவும் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். இவற்றோடு அறிக்கை இன்னொன்றையும் குறித்தது: நீந்தவும் மரமேறவும் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் தெரிந்திருந்தது. ஆழிப்பேரலையில் நீச்சல் எல்லாரையும் காப்பாற்றிவிடாது. ஆனாலும் கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் பாதிப் பேருக்குக் கடலைக் கையாளத் தெரியாமல் இருந்தது என்பதைக் கடந்துபோக முடியாது. நியூயார்க் ஆற்றில் மூழ்கிய பெண்களுக்கும் கடலூர்ப் பெண்களுக்கும் நூறு ஆண்டு இடைவெளி. இரண்டு இடங்களிலும் பெண் உடல் அடக்கத்துக்குப் பழக்கப்பட்டிருந்தது, தப்பிப்பதற்குப் பழக்கப்படவில்லை.

தமிழகக் கிராமங்களில் சிறுமிகள் நீந்தாமல் இல்லை. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டி, அண்ணனோ மாமாவோ கிணற்றுக்குள் தள்ளிவிட, தத்தளித்து, தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று நாளில் கேன் இல்லாமலே எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பும் பிள்ளைகள் ஏராளம். கோடை விடுமுறைதான் அந்தப் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைக்கு அது பெரும்பாலும் பருவமெய்தும் வரைக்கும்தான். அதன்பின் தம்பி கிணற்றில் குதிக்க, அக்கா மேட்டில் உட்கார்ந்து அவன் துணியைப் பார்த்துக்கொள்கிறாள். பெண்ணுக்குத் தன் உடல் மீது நம்பிக்கை குறைகிறது என்று நாம் கவலைப்படும் பதின்மூன்று, பதினான்கு வயது எது? அந்த உடலிடமிருந்து மரமும் கிணறும் தெருவும் பறிக்கப்படும் அதே வயது.

அதன் பலனைப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த உலகளாவிய ஆய்வின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் அது 42 விழுக்காடு. சோம்பல் என்று இதற்குப் பெயர் வைப்பது அநீதி. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆண்கள் 88 நிமிடம். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான் கோடையில் பயிற்சிக்கு உகந்த நேரம். அதே இரண்டு மணி நேரத்தில்தான் அடுப்பும் டிபன் பாக்ஸும் தண்ணீர் லாரியும் அவளை அழைக்கின்றன.

இந்தக் கோடையில்

கத்திரி வெயில் பயிற்சியை நிறுத்துவதற்கான காலம் என்று எண்ண வேண்டியதில்லை. முறையை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையோடு போகும் உப்பு குறைகிறது. ஆகவே முதல் நாளே அரை மணி நேரம் ஓடாமல், பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவதே முறை. சென்னை, தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. உள்மாவட்டத்தில் அதே வெப்பநிலையில் முடிந்ததைக் கரையூரில் எதிர்பார்க்கக் கூடாது. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் பெண்ணின் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக இருப்பதால், அந்த நாட்களில் களைப்பு முந்திக்கொள்வது இயல்பு. உப்புப் போட்ட மோரும் இளநீரும் நல்ல துணை. தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறினால் உடலை நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோடைக்கு நீச்சலைப் போலப் பொருந்தும் பயிற்சி வேறில்லை. நீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. மூட்டுவலி உள்ளவர்களின் எடையை அது தாங்கிக்கொள்கிறது. எலும்புக்கு மட்டும் நீச்சல் போதாது. அதற்குச் சுமை வேண்டும். படியேறுதல், உட்கார்ந்தெழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், கைக்கடக்கமான எடை தூக்குதல் இவற்றை வாரத்தில் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தியும் புடவையும் நீரை உறிஞ்சிக் கனத்து இழுப்பதால் பல நீச்சல் குளங்களில் அவற்றுக்கு அனுமதி இல்லை. முழுக்கையும் முழுக்காலும் மூடும் லைக்ரா நீச்சலுடைகள் இப்போது கிடைக்கின்றன. அதை அணிந்து நீந்த விரும்புகிற பெண்ணையும், சிறிய நீச்சலுடையில் நீந்த விரும்புகிற பெண்ணையும் ஒரே மரியாதையோடு நடத்த வேண்டும். 2016இல் பிரான்சின் கடற்கரை நகரங்கள் பல, உடல் மூடிய புர்கினிக்குத் தடை போட்டன. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரின் தடையை நிறுத்தி வைத்து வழிகாட்டியது. 2021இல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி, பிகினிக்குப் பதில் அரைக்கால்சட்டை அணிந்ததற்காக 1500 யூரோ அபராதத்துக்கு ஆளானது. எதிர்ப்பு எழுந்து விதி மாறியது. அன்று அதிகம் திறந்தால் குற்றம், இன்று அதிகம் மூடினால் குற்றம். ஈயம் தைத்த அங்கியின் காலத்திலிருந்து மாறாமல் இருப்பது, உடையைத் தீர்மானிக்கும் உரிமை வேறு யாரிடமோ இருக்கிறது என்பதே.

வெட்கத்தால் வாய்விட்டுக் கேட்கப்படாத தேவைகளும் உண்டு. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வில், 11 முதல் 18 வயது மாணவிகளில் 46 விழுக்காட்டினர் தங்கள் மார்பகம் விளையாட்டில் பங்கேற்பதைப் பாதிக்கிறது என்றார்கள். ஓடும்போது வலியில்லாமல் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிராவைப் பற்றிப் பல உடற்கல்வி வகுப்புகளில் பேசுவதில்லை. பேசாத அந்த ஒரு செய்தியால் எத்தனை பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகியிருப்பார்கள்.

நல்ல முன்மாதிரிகள் கண்முன் இருக்கின்றன. இங்கிலாந்தின் விளையாட்டு மேம்பாட்டு அமைப்பு 2015 ஜனவரியில் ஒரு பெரிய பிரசாரத்தைத் தொடங்கியது. பெண்களைத் தடுப்பது மற்றவர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் என்று அதன் ஆய்வு கண்டறிந்திருந்தது. ஆகவே படங்களில் மாடல்களுக்கு இடமில்லை. வியர்த்து, மூச்சிரைத்து, தொடை குலுங்க ஓடும் சாதாரணப் பெண்களையே காட்டினார்கள். அதன் உந்துதலால் 28 லட்சம் பெண்கள் தங்கள் உடலியக்கத்தைத் தொடங்கினார்கள் அல்லது கூட்டினார்கள் என்று அவ்வமைப்பு மதிப்பிட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆழிப்பேரலை அடித்துச் சென்ற அறுகம் குடாவில் 2018இல் அந்நாட்டின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. கடல் ஆண்களுக்கானது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் இப்போது அதே அலையில் பலகை மீது எழுந்து நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. மாநகராட்சி, மாவட்ட விளையாட்டு அரங்க நீச்சல் குளங்களில் பெண்களுக்கெனத் தனி நேரம் வேண்டும். அது வேலைக்குப் போகும் பெண்ணும் வீட்டிலிருக்கும் பெண்ணும் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். பெண் பயிற்றுநர்களும் உயிர்காப்பாளர்களும், சுத்தமான உடை மாற்றும் அறைகளும் வேண்டும். கரையோர மாவட்டப் பள்ளிகளில் ஆண், பெண் இருவருக்கும் நீச்சல் கட்டாயப் பாடமாக வேண்டும். வீடுகளில் காலை வேலை பகிரப்பட வேண்டும். அது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

தனக்கென ஒரு பெண் வைத்துக்கொள்ளும் அளவுகோலும் மாறலாம். ஏப்ரலில் செய்ய முடியாத எதை ஜூனில் என்னால் செய்ய முடிகிறது? குளத்தின் குறுக்கே ஒருமுறை நீந்துவதா, மூன்று மாடி மூச்சிரைக்காமல் ஏறுவதா, பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடப்பதா, எதுவாகவும் இருக்கட்டும். அப்படிப் பெற்ற திறமை ஒரு பருவத்தோடு காலாவதியாவதில்லை. அதற்கு எந்த நடுவரும் மதிப்பெண் போட முடியாது. எடர்லியின் இடுப்பளவு என்ன என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் கால்வாயைக் கடந்தார் என்பதை நூறு ஆண்டுகளாக உலகம் மறக்கவுமில்லை.